கடினமான ஸ்பிரிங் போட்ட காரில் எந்த ஸ்டீரியோ தாங்கும்?

கேள்வி: ஐயா, வணக்கம். பெங்களூரு ஃப்ரேசர் டவுனில் வசிக்கிறேன். என்னிடம் கூரை திறந்து ஓட்டும் பழைய சான் ஸ்டார்ம் கார் ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டு அதற்குக் கடினமான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போட்டேன். நந்தி மலை வளைவுகளில் கார் சாயாமல் திரும்புகிறது; அதில் எனக்கு முழுத் திருப்தி. ஆனால் பாட்டுக் கேட்பதுதான் இல்லாமல் போய்விட்டது. முன்பிருந்த சிடி செட் ஒவ்வொரு ஹம்ப்பிலும் பாட்டை விட்டுவிட்டுப் பாடியது. அதைக் கழற்றிவிட்டு 9 அங்குல ஆண்ட்ராய்டு திரை ஒன்றைப் போட்டேன். எட்டே மாதத்தில் திரை ஆடத் தொடங்கியது. இப்போது ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்து அணைந்து எரிகிறது. பொருத்தியவரோ, இந்த ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு எந்த செட் போட்டாலும் இதே கதிதான் என்கிறார். என் அப்பா சேர்த்து வைத்த சுமார் 200 சிடிக்கள் வீட்டில் இருக்கின்றன. அவற்றைக் காரில் கேட்க வேண்டும் என்பதே என் ஆசை. எந்த வகை செட் வாங்கலாம்? எந்த பிராண்டு நீடித்து உழைக்கும்? ஸ்பிரிங்கை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்கை மாற்ற வேண்டாம். ஓட்டும் இன்பத்துக்காகவே வைத்திருக்கும் காரில் பாட்டுக்காக ஓட்டத்தைக் கெடுத்துக்கொள்வது முறையாகாது. அதற்குத் தேவையும் இல்லை. கார்களில் செட் பொருத்துவதும், பழுதான செட்டைக் கழற்றிப் பார்ப்பதுமாக எனக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. கடினமான ஸ்பிரிங் போட்ட கார்களிலிருந்து என் மேசைக்கு வந்த செட்டுகளில் பெரும்பாலானவை உள்ளே கெட்டுப்போனவை அல்ல. அவற்றைத் தாங்க வேண்டிய பிராக்கெட் தளர்ந்திருந்தது, அல்லது அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் இணைப்பு விட்டுப்போயிருந்தது. ஆகவே எந்த பிராண்டு என்று கேட்பதற்கு முன்னால், அந்த செட்டை எத்தனை இடத்தில் பிடித்து நிறுத்தப் போகிறோம், அதன் பின்னால் எத்தனை இடத்தில் ஒயரை ஒட்டுப் போடப் போகிறோம் என்று கேட்பதுதான் உங்கள் காருக்குப் பொருத்தமான தொடக்கம்.

குலுக்கல் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் காருக்குள் அது இரண்டு விதமாக வருகிறது. சாதாரணக் குடும்பக் கார் ஒன்றின் உடல் தன் ஸ்பிரிங்குகளின் மேல் நொடிக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை முறை மேலும் கீழும் அசையும். உங்களைப் போல் இறுக்கிய கார்களில் அது நொடிக்கு இரண்டு முறையை எட்டலாம். இந்தப் பெரிய, மெதுவான அசைவால் செட்டுக்கு அதிகத் தீங்கு இல்லை. அதற்கும் மேலாக, சக்கரமும் அதைச் சார்ந்த பாகங்களும் சேர்ந்து நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை துடிக்கும் சிறு அதிர்வு ஒன்று உண்டு. மென்மையான ஸ்பிரிங்கும் தடித்த ரப்பர் புஷ்களும் அதைப் பெரும்பாலும் கீழேயே விழுங்கிவிடும். இறுக்கிய காரில் அது நேராக டாஷ்போர்டுக்கு ஏறி வருகிறது. நம் ஊரில் வைட் டாப்பிங் செய்த சாலைகளில் காங்கிரீட் பலகைகளின் இணைப்புகளைக் கடக்கும்போது தட், தட் என்று ஒரே தாளத்தில் வரும் அதிர்ச்சியை உங்கள் முதுகே அறியும். பள்ளத்தில் ஒருமுறை விழும் பெரிய அடியைவிட, இப்படி ஓயாமல் வரும் சிறு துடிப்புதான் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒயரின் இழைகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது.

சிடி செட் ஏன் தோற்றது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிப்பில் பல பத்துத் தடங்கள் அடங்கிவிடும். நிமிடத்துக்கு 500 முதல் 200 சுற்று வரை வேகம் மாறிச் சுழலும் தட்டின் மேல், மெல்லிய கம்பிகளில் தொங்கும் ஒரு சின்ன லென்ஸ் இந்தத் தடத்தை விடாமல் பின்பற்ற வேண்டும். அந்த இயந்திரப் பகுதி முழுவதையும் சிறு ஸ்பிரிங்குகளும், உள்ளே சிலிக்கான் எண்ணெய் நிரப்பிய ரப்பர்க் குமிழ்களும் தாங்கி நிற்கின்றன. வெயிலில் பல ஆண்டுகள் வெந்த பிறகு அந்த ரப்பர் இறுகிவிடுகிறது. சிடி செட்டுகளில் பாட்டைச் சில நொடிகள் முன்கூட்டியே படித்துச் சேமித்து வைக்கும் வசதி உண்டு. அது தவறை நம் காதிலிருந்து மறைக்கிறதே தவிர, லென்ஸ் படும் சிரமத்தைக் குறைப்பதில்லை. ஆகவே சிடி செட்டை மறுபடியும் போடும் எண்ணம் வேண்டாம்.

ஆண்ட்ராய்டு திரையின் கதை வேறு. மிதக்கும் திரை என்று கடைகளில் சொல்லப்படும் அந்த வகையில், ஒற்றை டின் (DIN) எனப்படும் வழக்கமான கார் செட் அளவுப் பெட்டியிலிருந்து ஒரு சிறு கை முன்னால் நீண்டு, அதன் நுனியில் 9 அங்குலக் கண்ணாடி தொங்குகிறது. தராசின் ஒரு தட்டில் மட்டும் எடை வைத்தது போன்ற அமைப்பு அது. சாலையிலிருந்து வரும் ஒவ்வொரு துடிப்பும் அந்தக் கையின் மூட்டிலும், திரைக்குச் செல்லும் நாடா ஒயரிலும், பெட்டியைப் பிடித்திருக்கும் தகட்டு ஃப்ரேமிலும் போய் முட்டுகிறது. குலுங்கும் காரில் விரலால் தொட்டு இயக்குவதும் எளிதல்ல. பார்வையைச் சாலையிலிருந்து எடுத்தாக வேண்டும். ஹைவேயில் சீராக ஓடும் பெரிய காருக்கு அதில் தவறில்லை. உங்கள் காருக்கு அது ஏற்றதல்ல.

ஆனாலும் அதைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அணைந்து அணைந்து எரிவதற்குப் பெரும்பாலும் காரணம் செட் அல்ல, அதன் பின்னால் இருக்கும் மஞ்சள் ஒயர் அல்லது கறுப்பு ஒயர். மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இருக்கும் இணைப்பு, சிவப்பு சாவியைத் திருப்பினால் வருவது, கறுப்பு எர்த். செட் பாடிக்கொண்டிருக்கும்போது கப்ளரில், அதாவது ஒயர்கள் செட்டோடு சேரும் செருகியில், மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். அதே நேரத்தில் பேட்டரி முனைகளில் கிடைக்கும் அளவோடு ஒப்பிடும்போது கால் வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், வழியில் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. மீட்டரைப் பார்த்தபடி கப்ளரை மெல்ல அசையுங்கள். எண் துள்ளினால் குற்றவாளி கையில் அகப்பட்டுவிட்டார்.

சென்ற மழைக்காலத்தில் அல்சூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் இறுக்கிய ஸ்பிரிங் போட்ட தம் காரைக் கொண்டுவந்தார். ஓராண்டில் மூன்று செட் மாற்றியிருந்தார். மூன்றும் ஒரே விதமாகச் செத்துப்போயின என்றார். நான் முகப்பைக் கழற்றி, செட்டை இரண்டு விரல் அகலம் வெளியே இழுத்தபோதே காரணம் தெரிந்தது. தகட்டு ஃப்ரேமைப் பிடிக்க மடித்துவிட வேண்டிய நாக்குகள் எட்டில் இரண்டு மட்டுமே மடிக்கப்பட்டிருந்தன. அந்த இரண்டின் விளிம்பும் உரசி உரசி வெள்ளிக் காசு போல் பளபளத்தன. செட்டின் பின்புறத்தில் ஸ்டட் என்னும் தலையில்லாத போல்ட்டைப் போட வேண்டிய துளை, பெட்டியிலிருந்து வந்த நாள் போலவே காலியாக இருந்தது. மஞ்சள் ஒயரைப் பழைய ஒயரோடு முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி, கறுத்த பாகு போல் வழிந்து, சுற்று அவிழ்ந்து நின்றது. அதைப் பிரித்துப் பார்த்தால், முறுக்கின் கழுத்தில் செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, நான்கே இழைகள் மிச்சம் இருந்தன. அந்த நான்கு இழைகளின் வழியாகத்தான் அந்த செட் இத்தனை நாளும் பாடிக்கொண்டிருந்தது. அவருக்கு நான் புதிய செட் விற்கவில்லை. மூன்றாவதாக வாங்கியதையே சரியாகப் பொருத்திக் கொடுத்தேன். இன்றுவரை அது பாடுகிறது.

இனி வாங்க வேண்டியதைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்குத் தேவை ஒற்றை டின் அளவில், அதாவது 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட முகப்பில், சிடி இயந்திரமே இல்லாத செட். கடையில் யூஎஸ்பி செட் என்றும் டிஜிட்டல் மீடியா ரிசீவர் என்றும் சொல்வார்கள். உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லை. சிடி செட் ஒன்று சுமார் ஒன்றேகால் கிலோ இருக்கும். இது ஏறத்தாழ அதில் பாதி எடைதான். ஆழமும் குறைவு, அதனால் பின்னால் ஒயர்கள் நசுங்காமல் வளைய இடம் கிடைக்கும். எடை பாதியானால், அதே துடிப்பு பிராக்கெட்டின் மேல் செலுத்தும் விசையும் பாதியாகிறது. இதைவிடப் பெரிய ஆதாயத்தை எந்த விலையுயர்ந்த பிராண்டும் உங்களுக்குத் தரப்போவதில்லை.

ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உண்மையாகச் சுழலும் குமிழ் இருக்க வேண்டும். முகப்பைக் கழற்றி எடுத்துச் செல்லும் வகையா, நிலையாக இருக்கும் வகையா என்று கடைக்காரர் கேட்டால், நிலையான முகப்பையே கேளுங்கள். கழலும் முகப்பின் பின்னால் வரிசையாகச் சின்னஞ்சிறு முனைகள் உண்டு. அவை செட்டோடு தொட்டுக்கொண்டு மட்டுமே நிற்கின்றன, பூட்டிக்கொண்டு அல்ல. துடிப்பில் அவை கண்ணுக்குத் தெரியாத அளவு உரசிக்கொண்டே இருக்கும். உரசும் இடத்தில் உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய துருப்படலம் ஏறும். ஒரு நாள் எழுத்து மறையும், பித்தான் வேலை செய்யாது. கழற்றி மாட்டினால் சரியாகிவிடும். சில வாரத்தில் மறுபடியும் போய்விடும். இந்த நோயைப் பார்த்தவுடன் அடையாளம் காணலாம். திறந்த காரில் திருட்டுப் பயம் இருப்பது எனக்குத் தெரியும். அப்படிக் கழலும் முகப்பையே வாங்க நேர்ந்தால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள்.

படகுகளுக்கென்று தயாரிக்கப்படும் மெரைன் செட் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். உங்கள் கார் கூரையில்லாமல் ஓடுகிறது. பெங்களூரு மழையோ சொல்லிக்கொண்டு வருவதில்லை. மெரைன் செட்டுகளில் சர்க்யூட் போர்டின் மேல் வார்னிஷ் போன்ற பாதுகாப்புப் பூச்சு இருக்கும். முகப்புப் பிளாஸ்டிக் வெயிலில் வெளிறாத வகையைச் சேர்ந்தது. அலையில் மோதும் படகைத் தாங்குவதற்கென்று உருவான செட், ஹம்ப்பில் ஏறும் காரையும் நன்றாகவே தாங்கும். கென்வுட், ஜேவிசி, சோனி போன்ற நிறுவனங்கள் இந்த வகையைத் தயாரித்திருக்கின்றன. நம் கடைகளில் கண்ணில் படுவது குறைவு. வரவழைத்துத் தரச் சொல்ல வேண்டியிருக்கும்.

பிராண்டைப் பற்றி நேராகக் கேட்டிருக்கிறீர்கள். சோனி, பயனியர், கென்வுட், ஜேவிசி ஆகியவற்றில் எதை எடுத்தாலும் நீங்கள் ஏமாறமாட்டீர்கள். கென்வுட்டும் ஜேவிசியும் 2008 முதல் ஒரே குடையின் கீழ் வந்துவிட்டன. ஆகவே அந்த இரண்டுக்கும் நடுவே தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். நிறுவனத்தின் இந்திய வாரண்டி அட்டையும் முறையான பில்லும் கிடைக்கும் செட்டையே வாங்குங்கள். பெயரே கேள்விப்படாத செட்டை விலைக்காக எடுத்தால், நான் பிராக்கெட்டை எவ்வளவு நன்றாக அமைத்தாலும், உள்ளே சால்டர் விட்டுப்போவதை என்னால் தடுக்க முடியாது. பெரிய கப்பாசிட்டர்களை வெறும் இரண்டு கால்களில் நிறுத்திவிட்டு, அடியில் பசை கூட வைக்காமல் விட்ட போர்டுகளை நான் திறந்து பார்த்திருக்கிறேன்.

பெட்டியின் மேல் 50 வாட் பெருக்கல் 4 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கணக்கு எளியது. கார் ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். அந்த வோல்ட்டை வைத்துக்கொண்டு சிதையாத ஒலியாக ஒரு சேனலுக்கு அதிகபட்சம் 26 வாட் வரைதான் கோட்பாட்டின்படியே கிடைக்கும். நடைமுறையில் இருபதை ஒட்டி நிற்கும். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 52 வருகிறது அல்லவா? ஒலி அலை முழுவதும் நசுங்கிச் சதுரமாகிப் போனால் கிடைக்கும் அந்த எண்தான் பெட்டியில் 50 என்று ஏறுகிறது. செட்டின் பின்னால் இருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். அது 10 ஆம்பியர் என்றால், உள்ளே போகக்கூடிய மொத்தச் சக்தியே 144 வாட். அதிலிருந்து 200 வாட் எப்படி வெளியே வரும்? ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, என்று குறிப்பிட்ட எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். ஆம்ப்ளிஃபையருக்கான ப்ரீ அவுட் முனைகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும் என்பதால், கூரை திறந்த காரில் காற்றின் இரைச்சலோடு போட்டியிட இருபது வாட் போதாது. இன்று இல்லாவிட்டாலும் பிறகு இருக்கைக்குப் பின்னால் ஒரு சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர் வைக்க விரும்புவீர்கள்.

இப்போது பொருத்துவதற்கு வருகிறேன். இந்தப் பகுதியை உங்கள் மெக்கானிக்கிடம் படித்துக் காட்டுங்கள். செட்டை முன்பக்க ஃப்ரேம் மட்டுமே பிடித்திருந்தால், அது சுவரில் அடித்த ஒற்றை ஆணியில் தொங்கும் பலகை போன்றதுதான். நுனி ஆடிக்கொண்டே இருக்கும். செட்டோடு வரும் சிறு பையில் ஒரு ஸ்டட், ஒரு நட், சில நேரம் ஒரு ரப்பர்த் தொப்பி, துளைகள் போட்ட ஓர் இரும்புப் பட்டை இருக்கும். அவசரத்தில் பொருத்துபவர்கள் அந்தப் பையைப் பிரிப்பதே இல்லை. பில்லோடு சேர்த்து வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த ஸ்டட்டைச் செட்டின் பின்புறத்தில் முடுக்கி, பட்டையின் ஒரு முனையை அதில் மாட்டி, மறு முனையை டாஷ்போர்டுக்குள் அசையாத ஓர் இரும்பில் போல்ட் போட வேண்டும். உங்கள் கார் ஃபைபர் கிளாஸ் உடல் கொண்டது. செட் உட்காரும் வாய் நெகிழக்கூடும். ஆகவே முகப்பு மட்டும் எடையைச் சுமக்காதபடி, செட்டின் இரண்டு பக்கமும் அடியும் தாங்கும் ஒரு தொட்டிலை 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் மடித்து, அதை உள்ளே இருக்கும் உறுதியான இரும்பில் பிடிப்பதே என் வழக்கம். தகடும் செட்டும் தொடும் இடங்களில் மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்ட வேண்டும். இல்லையென்றால் கிறீச் என்ற சத்தம் உங்களை விடாது. சிலர் செட்டைச் சுற்றித் தடித்த பஞ்சுப் பொதியலை அடைத்துவிட்டு, அது அதிர்வைக் குடித்துவிடும் என்பார்கள். அப்படிச் செய்தால் செட் பஞ்சின் மேல் தனியாக ஊசலாடும். அதோடு சூடு வெளியேற வழியும் அடைபடும். செட் காரோடு ஒரே உடலாக நிற்க வேண்டும். நட்டுகள் எல்லாம் நைலான் பூட்டு உள்ளவையாக இருக்கட்டும்.

ஒயர் இணைப்பில் ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டவே வேண்டாம். சால்டர் வைத்தால் உறுதி என்று பலர் நம்புகிறார்கள். சால்டர் உருகி இழைகளுக்குள் ஏறி ஒயரைக் கம்பி போல் விறைக்க வைக்கிறது. விறைத்த பகுதி முடிந்து நெகிழும் பகுதி தொடங்கும் அந்தக் கழுத்தில்தான் துடிப்பு வந்து விழுந்து அறுக்கும். சரியான அளவு கிரிம்ப் குழாயும் சரியான கிரிம்பிங் பிளையரும் கொண்டு அழுத்தி, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டுவிட்டால் அந்த இணைப்பு காரின் ஆயுளுக்கு வரும். காரின் பழைய ஒயர்க் கட்டான ஹார்னஸை வெட்டாமல், பொருத்தமான கப்ளர் செட் ஒன்றை இடையில் போடச் சொல்லுங்கள். ஒயர்க் கட்டை ஒரு கை அகலத்துக்கு ஓர் இடமாகக் கேபிள் டை கொண்டு கட்டி, கப்ளரின் அருகில் சிறு தொய்வு விட வேண்டும்.

உங்கள் காரில் மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று எர்த். மற்றக் கார்களில் கறுப்பு ஒயரை அருகிலிருக்கும் உடல் தகட்டில் ஒரு ஸ்க்ரூ போட்டு முடித்துவிடலாம். ஃபைபர் உடலில் மின்சாரம் ஓடாது. கைக்கு எட்டிய ஏதோ ஒரு பிராக்கெட்டில் எர்த்தைக் கொடுத்துவிட்டு, அந்தப் பிராக்கெட் பேட்டரியோடு சரியாகச் சேர்கிறதா என்று பார்க்காமல் விடுவதால்தான் உறுமல், அணைந்து எரிதல், இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில் எல்லாம் வருகின்றன. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து தனியாக ஓர் ஒயரைச் செட் வரைக்கும் இழுத்துவிடுங்கள். மஞ்சளையும் தனியாகப் பேட்டரியிலிருந்தே எடுத்து, பேட்டரியிலிருந்து ஓர் அடிக்குள் ஃப்யூஸ் வையுங்கள்.

வானொலியும் கேட்பீர்கள் என்றால், ஆன்டெனாவும் இதே காரணத்தால் சிக்கல் செய்யும். கம்பி ஆன்டெனாவுக்கு அடியில் உலோகப் பரப்பு வேண்டும். 101.3 மெகாஹெர்ட்ஸ் நிலையத்தின் கால் அலைநீளம் ஏறத்தாழ 74 சென்டிமீட்டர். அந்த ஆன்டெனா தன் மறுபாதியாகக் காரின் இரும்பு உடலைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. இரும்பு இல்லாத உடலில், ஆன்டெனாவின் அடியில் உட்புறமாக ஓர் அலுமினியத் தகட்டை ஒட்டி எர்த்தோடு சேர்க்கலாம்; அல்லது முன் கண்ணாடியின் உள்ளே ஒட்டும் வகையை வாங்கலாம். ஃபைபர் உடல் இன்ஜினின் தீப்பொறி இரைச்சலையும் தடுக்காது என்பதால், ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் ப்ளக்தான் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஸ்பீக்கரில் நான் அதிகம் சொல்லப் போவதில்லை. காகிதக் கோன் வேண்டாம். மழைத் துளி பட்டால் போயிற்று. பாலிபுரோப்பிலீன் கோனும் ரப்பர் விளிம்பும் கொண்டதை எடுங்கள். ஃபோம் விளிம்பு சில ஆண்டுகளில் பொடியாக உதிரும். ஸ்பீக்கரை ஃபைபர் பலகையில் நேராக ஸ்க்ரூ போட்டு நிறுத்தினால் துளை நாளடைவில் அகன்றுவிடும். நடுவில் பிளாஸ்டிக் வளையமும் பின்னால் நட்டும் போல்ட்டும் வைக்க வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் வளையம் தண்ணீர் பட்டால் அப்பளம் போல் ஊதும். செட்டில் அடி ஒலியை வடிகட்டும் ஹை பாஸ் வசதியை 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால், சிறிய ஸ்பீக்கர்கள் தாங்க முடியாத அடி ஒலி அவற்றுக்குப் போகாது. ஓட்டும்போது பாடல் வரிகளும் தெளிவாகக் கேட்கும்.

அப்பாவின் சிடிக்களைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை நான் இரண்டு முறை படித்தேன். அவற்றைக் காரில் குலுக்கித் தேய்ப்பதைவிட வீட்டில் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றிக்கொள்வதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை. ஒரு சிடி சராசரியாக ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 320 கேபிபிஎஸ் எம்பி3 கோப்பாக அது 144 எம்பி வரும். 200 சிடிக்கும் சுமார் 29 ஜிபி. தரம் சிறிதும் குறையாத ஃப்ளாக் கோப்பாக ஏற்றினால் ஏறத்தாழ 70 ஜிபி ஆகலாம். வீட்டில் ஃப்ளாக்கில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, காருக்கு எம்பி3 பிரதி செய்யுங்கள். ஓடும் காரின் இரைச்சலில் இரண்டுக்கும் வேறுபாடு கேட்காது. பென் டிரைவை ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்தால் பெரும்பாலும் எல்லா செட்டும் படிக்கும். ஒற்றை டின் செட்டுகளின் சிறு திரையில் பெரும்பாலும் தமிழ் எழுத்து தெரியாது, கட்டமோ வெற்றிடமோ வரும். ஆகவே கோப்பின் பெயரையும் பாடலின் பெயரையும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிடிக்கும் ஒரு ஃபோல்டர் என்று பிரித்துவிட்டால், குமிழைத் திருப்பியே தேடி எடுத்துவிடலாம்.

அந்த பென் டிரைவையும் முகப்பில் நீட்டிக்கொண்டு நிற்கும்படி செருக வேண்டாம். சாதாரண யூஎஸ்பி முனை சுமார் 1500 முறை செருகி எடுப்பதற்கே வடிவமைக்கப்பட்டது. நீண்ட டிரைவ் நெம்புகோல் போல் ஆடினால் அது அதற்கு முன்பே தளர்ந்துவிடும். நகத்தளவே வெளியே தெரியும் குட்டி டிரைவை வாங்குங்கள். பின்புற யூஎஸ்பி உள்ள செட் என்றால், ஓர் அடி நீள எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கையுறைப் பெட்டிக்குள் கொண்டுபோய், ஒயரை அங்கே டைபோட்டுக் கட்டி, டிரைவை அதில் செருகிவிடுவது இன்னும் நல்லது.

கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் கடை கடையாக ஏறுவதற்கு முன் உங்கள் பணத்தை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு செட்டுக்கு, ஒரு பங்கு ஸ்பீக்கருக்கு, ஒரு முழுப் பங்கு பிராக்கெட்டுக்கும் ஒயருக்கும் கூலிக்கும். பொருத்துவது இலவசம் என்று சொல்லும் கடையில் அரை மணியில் வேலை முடிந்துவிடும். உங்கள் காருக்குத் தேவை ஒரு முழு நாள் வேலை. பொருத்துபவரிடம் பின்புறப் பட்டையை எங்கே பிடிக்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். உடனே குனிந்து டாஷ்போர்டுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பவரிடம் காரைக் கொடுக்கலாம்.

முகப்பை மூடுவதற்கு முன் கைப்பேசியில் பின்புறத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எப்போது பழுது பார்த்தாலும் அது உதவும். செட்டை மெல்லிய ஒலியில் பாடவிட்டு, டாஷ்போர்டின் மேல் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். சொடக்கோ இடைவெளியோ வரக்கூடாது. பிறகு உங்களுக்குப் பழக்கமான, ஹம்ப் நிறைந்த தெரு ஒன்றில் இரண்டு சுற்றுப் போய் வாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை திரும்பிச் சென்று எல்லா நட்டுகளையும் முடுக்கச் சொல்லுங்கள். புதிய உலோகம் உட்கார்ந்து கொடுப்பது அந்த முதல் சில நூறு கிலோமீட்டரில்தான். அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன், செட்டை வெளியே இழுத்துக் கப்ளர்களைக் கழற்றி மாட்டினால் போதும்.

கழற்றி வைத்திருக்கும் பழைய சிடி செட்டை விற்றுவிடாதீர்கள். 12 வோல்ட், 10 ஆம்பியர் தரும் ஒரு பவர் சப்ளையில் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்துக் கொடுத்து, இரண்டு ஸ்பீக்கர்களோடு வீட்டு மேசையில் அசையாமல் வைத்தால், லென்ஸ் பகுதி இன்னும் கெட்டுப்போகவில்லை என்றால் அப்பாவின் சிடிக்களை அது நன்றாகவே பாடும்.